ஷார்ட்ஹேர்னா முடி கொட்டாதுன்னு யாருங்க சொன்னது? (கம்மியா கொட்டுற பூனை இனம் எது, ப்ளீஸ் ஹெல்ப்)

கருப்பு_சட்டை

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா ஓரமா நின்னு படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் போஸ்ட். வீட்ல ஒரு வழியா பூனைக்கு ஓகே வாங்கிட்டேன், ஆனா ஒரே ஒரு கண்டிஷன், முடி கொட்டக் கூடாதாம். எனக்கு சின்ன வயசுலருந்து பெர்சியன் மேல கண்ணு, ஆனா அது நடமாடுற தலையணை, அதனால மனச கல்லாக்கிட்டு லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டேன். இப்ப பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் இல்லன்னா எக்ஸாட்டிக் ஷார்ட்ஹேர், பேர்லயே ஷார்ட்டுன்னு இருக்கே. இன்னொரு விஷயம், என் வீட்டுக்காரர் பூனை இருக்கற வீட்டுக்குப் போனா பத்து நிமிஷத்துல தும்ம ஆரம்பிச்சிடுவாரு. முடி கொட்டாத இனமா எடுத்தா ஒரே கல்லுல ரெண்டு மாங்கா தானே? சரியா யோசிக்கிறேனா?

மூணுபூனை_அக்கா

//பேர்லயே ஷார்ட்டுன்னு இருக்கே//

ஐயோ தங்கம், இதே வரிய நானும் சொல்லி, இதே பிரிட்டிஷ தூக்கிட்டு வந்து, இப்ப வீட்ல ஒவ்வொரு ரூம்லயும் ஒரு லின்ட் ரோலர் (துணியில ஒட்டுன முடிய எடுக்கற பசை உருளை) வச்சிட்டு சுத்தறேன். என்கிட்ட பிரிட்டிஷ் ஒண்ணு, பெர்சியன் ஒண்ணு, சியாமீஸ் ஒண்ணு இருக்கு, அதனால இந்த விஷயத்துல கேள்விப்பட்டதெல்லாம் சொல்லல, பெருக்கி அள்ளுனத சொல்றேன்.

பிரிட்டிஷோட முடி நீளம் தான் கம்மி, அடர்த்தி பயங்கரம். உடம்போட ஒட்டிப் படுத்திருக்காது, கார்பெட் மாதிரி நிமிந்து நிக்கும், அது கழுத்த திருப்புனா முடி பொளந்து உள்ள தெரியும், அவ்ளோ நெருக்கம். அந்த சின்ன சின்ன முடி உதிர்ந்து துணியில குத்துச்சுன்னா ஊசி மாதிரி நெசவுக்குள்ள போய் உக்காந்துக்கும், தோய்ச்சாலும் வராது. பெர்சியன் முடி அப்படி இல்ல, தரையில ஒண்ணோட ஒண்ணு சேந்து உருண்டு கட்டிலுக்கடியில ஒரு பந்தா கிடக்கும், கையால எடுத்துப் போட்டுடலாம். சோபாவுக்கு யாரு எதிரின்னு கேட்டா யோசிக்காம பிரிட்டிஷ்னு சொல்வேன்.

எக்ஸாட்டிக்கும் அதே கதை தான். அது பெர்சியன், முடிய மட்டும் குட்டையாக்கி இருக்காங்க. "சோம்பேறிங்க வளக்குற பெர்சியன்"னு ஒரு செல்லப் பேரே உண்டு. சீவுற வேலை கம்மி, அவ்ளோதான். உள் ரோமம் அப்படியே இருக்கு, கொட்டறதும் அப்படியே.

பஞ்சுமூட்டை

அக்கா சொன்னதுக்கு +1. என் எக்ஸாட்டிக் உக்காந்து எழுந்த இடத்துல இன்னொரு எக்ஸாட்டிக் இருக்கும்.

நுண்ணோக்கி

கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க, இந்தக் கேள்வி மாசம் ஒரு தடவ வருது, ஒரே இடத்துல இருந்தா லிங்க் குடுக்க வசதி.

பூனை உடம்புல பொதுவா மூணு வகை முடி. மேல நீளமா, கொஞ்சம் தடிமனா இருக்கறது கார்ட் ஹேர், மழை தூசியத் தடுக்கற வெளிச்சட்டைன்னு வச்சுக்கோங்க. நடுவுல ஆன் ஹேர், அது ரெண்டுக்கும் பாலம். அடியில டவுன் ஹேர், மெல்லிசா சுருளலா, உடம்புச் சூட்ட பிடிச்சு வைக்கற பஞ்சு. அண்டர்கோட்னு நாம பேசறது இந்த அடிப்பஞ்சத்தான். இந்த மூணும் எந்த விகிதத்துல இருக்குங்கறது தான் இனத்துக்கு இனம் மாறுது. நீளம்ங்கறது வேற கணக்கு.

ஒவ்வொரு முடியும் கொஞ்ச நாள் வளரும், அப்புறம் வளர்றத நிறுத்தும், சும்மா நிக்கும், பிறகு விழும், அந்தத் துளையில புதுசு முளைக்கும். "போதும், நிறுத்து"ன்னு சொல்ற வேலைய எஃப்ஜிஎஃப்5னு ஒரு ஜீன் செய்யுது. அந்த ஜீன்ல கோளாறு வந்து, அப்பா அம்மா ரெண்டு பக்கத்துலருந்தும் அதே கோளாறு குட்டிக்கு வந்துச்சுன்னா நிறுத்தச் சொல்ல ஆளில்ல, முடி வளந்துட்டே போகும். பெர்சியன், மெயின் கூன், ராக்டால் எல்லாத்துக்கும் நீள முடி வந்தது இந்த வழியில தான். ரெண்டு ஷார்ட்ஹேர் பூனைக்கு திடீர்னு சடைக்குட்டி பொறக்கறதும் இதனால தான், ரெண்டும் அந்த ஜீன ஒளிச்சு வச்சிருக்கும். எக்ஸாட்டிக்ல இது சகஜம்.

இப்ப யோசிச்சுப் பாருங்க, வளர்ற காலம் நீளம்னா ஒரு முடி தோல்ல தங்கற காலமும் நீளம். அதனால முடி நீளமா இருக்கறதாலயே ஒரு பூனைக்கு அதிக முடி விழணும்னு இல்ல. விழற ஒவ்வொண்ணும் நீளமா இருக்கறதால நம்ம கண்ணுல படுது, அவ்ளோதான். கொட்டறத தீர்மானிக்கறதுல முக்கியமான ஆளு அடிப்பஞ்சு.

கருப்பு_சட்டை

ஙே. அப்போ பெர்சியன் கொட்டாதா?? நான் அழுதுட்டு லிஸ்ட்ல இருந்து எடுத்தேனே

மூணுபூனை_அக்கா

அவசரப்படாதீங்க. கொட்டும். எங்க கொட்டும்ங்கறது தான் விஷயம். பெர்சியனுக்கு நீள முடியும் இருக்கு, அடர்த்தியான அடிப்பஞ்சும் இருக்கு, அதனால உள்ள உதிர்ந்த முடி தரைக்கு வந்து சேரவே வழியில்லாம மேல் முடியில மாட்டிக்கும். ரெண்டு நாள் சீப்பு படலன்னா சிக்கு, ஒரு வாரம் விட்டா சடை, அதையும் விட்டா தோலோட ஒட்டி தகடு மாதிரி ஆகிடும், அந்த எடத்துல தோல் இழுபட்டு புண்ணாகும், பூனை நடக்கவே கஷ்டப்படும். "எங்க பெர்சியன் முடியே கொட்டாது"ன்னு பெருமையா சொல்றவங்கள பாத்தா எனக்கு பகீர்னு இருக்கும், அந்த முடி எல்லாம் பூனை மேலயே தான் இருக்குன்னு அர்த்தம்.

ரெக்ஸ்_ரசிகன்

வந்துட்டேன், வந்துட்டேன். சுருட்டை முடி கட்சி சார்பா பேசறேன்.

கார்னிஷ் ரெக்ஸ் பாருங்க. 1950ல இங்கிலாந்துல கார்ன்வால் பக்கம் பாட்மின் மூர்ல ஒரு குட்டி மட்டும் சுருட்டை முடியோட பொறந்துச்சு, பேரு கல்லிபங்கர், அந்த ஒருத்தன்லருந்து வந்தது தான் மொத்த இனமும். இதுக்கு கார்ட் ஹேரே கிடையாது, அடிப்பஞ்சு மட்டும் தான், அது உடம்போட ஒட்டி அலை அலையா படிஞ்சிருக்கும், தொட்டா வெல்வெட். பத்து வருஷம் கழிச்சு பக்கத்து டெவன்ல இன்னொரு சுருட்டைக்குட்டி, கிர்லீ. ஆஹா ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சு சேத்துப் பாத்தாங்க, பொறந்த குட்டி எல்லாம் நேர் முடி! அப்பதான் தெரிஞ்சது ரெண்டும் வேற வேற ஜீன்னு. கிர்லீ வழி வந்த டெவன் ரெக்ஸுக்கு மூணு வகை முடியும் உண்டு ஆனா எல்லாம் குட்டை, பலவீனம், மீசை கூட முறிஞ்சு முறிஞ்சு தான் இருக்கும்.

ரெண்டுமே கொட்டறது நிஜமாவே கம்மி, இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன். என் டெவன் கருப்பு பேன்ட் மேல தூங்கி எழுந்தா தேடிப் பாத்தா தான் முடி தெரியும். பிரஷ் போட்டு அழுத்தித் தேய்ச்சிடக் கூடாது, சொட்டை விழும், ஈரக் கையால தடவி விட்டாலே போதும். குளிர் தாங்காது, எப்பவும் மடி, போர்வை, லேப்டாப் மேல தான் இருப்பாரு. காதுல அழுக்கு சேரும், அடிக்கடி பாக்கணும்.

பஞ்சுமூட்டை

அப்போ சுருட்டை எல்லாமே கம்மியா கொட்டுமா? செல்கிர்க் ரெக்ஸ் போட்டோ பாத்தேன், ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு

ரெக்ஸ்_ரசிகன்

இல்ல இல்ல, அங்கதான் நெறைய பேர் ஏமாறாங்க. செல்கிர்க் 1987ல அமெரிக்காவுல மொன்டானாவுல கிளம்புன இனம், ஆரம்பத்துலயே பெர்சியன் கூட சேத்துட்டாங்க, பிரிட்டிஷும் கலந்திருக்கு. அதனால அடர்த்தி, பஞ்சு எல்லாம் அங்கருந்து வந்துடுச்சு, சுருள் மட்டும் மேல. கொட்டும், சிக்காகும். சுருட்டைங்கறது வடிவம் தான், அளவில்ல. லாபெர்ம்னு இன்னொண்ணு, 1982ல ஓரெகான்ல வந்தது, அது லேசான தொங்கல் சுருள், அடிப்பஞ்சு கம்மி, அது பரவால்ல. சில லாபெர்ம் குட்டிங்களுக்கு முதல்ல முடி மொத்தமா கொட்டி வழுக்கையாகி அப்புறம் சுருட்டையா முளைக்கும், தெரியாதவங்க பயந்துடுவாங்க.

சோம்பல்_ராஜா

எதுக்கு இவ்ளோ பேச்சு. ஸ்பிங்க்ஸ் வாங்குங்க. முடியே இல்ல. மேட்டர் ஓவர்.

நள்ளிரவு_நகம்

//மேட்டர் ஓவர்//

ஸ்பிங்க்ஸ் வச்சிருக்கறவன் சொல்றேன் கேளுங்க, மேட்டர் இப்பதான் ஆரம்பம். முதல்ல, முடியே இல்லங்கறது தப்பு, பீச் பழத் தோல் மாதிரி பூஞ்சை ரோமம் இருக்கும், மூக்குலயும் வால்லயும் கொஞ்சம் கண்ணுக்கே தெரியும். ரெண்டாவது, எல்லாப் பூனைக்கும் தோல்ல எண்ணெய் சுரக்கும், மத்த பூனைக்கு அந்த எண்ணெய் முடியில பரவிடும், இவனுக்கு பரவ முடி எங்க? அதனால பெட்ஷீட்ல, சோபாவுல, அவன் சாயற சுவத்துல எல்லாம் பழுப்பு கறை. வாரம் ஒரு குளியல், காது துடைக்கணும், நக இடுக்குல கருப்பா அழுக்கு சேரும் அத எடுக்கணும், குளிருக்கு சட்டை, வெயிலுக்கு ஜன்னல் ஓரத்துல படுக்க விட்டா தோல் பொசுங்கும். முடிக்கு பதிலா எண்ணெய், அதான் டீல். நான் சந்தோஷமா தான் இருக்கேன், 1966ல டொரோன்டோவுல மொட்டையா பொறந்த அந்த முதல் குட்டிக்கு தினமும் நன்றி சொல்றேன், ஆனா சோம்பேறிங்களுக்கு இந்தப் பூனை வேணாம். ராஜா, உங்களத் தான்.

சோம்பல்_ராஜா

புரிஞ்சது தல. தங்கமீன் பாக்கறேன்

நுண்ணோக்கி

எல்லாரும் முடியப் பேசறோம், கருப்பு_சட்டை கேட்ட ரெண்டாவது மாங்காவ விட்டுட்டோம். உங்க வீட்டுக்காரர் தும்மறது முடியால இல்லீங்க. பூனை அலர்ஜிக்கு முக்கிய காரணம் ஃபெல் டி 1னு ஒரு புரோட்டீன், அது எச்சில்லயும் தோல் எண்ணெய்ச் சுரப்பிகள்லயும் வருது. பூனை நக்கி நக்கி சுத்தம் பண்ணும்போது உடம்பெல்லாம் பூசிக்குது, காஞ்சு பொடியாகி காத்துல மிதக்குது, முடி அத ஊர் சுத்த வைக்கற வண்டி மட்டும் தான். ஸ்பிங்க்ஸுக்கும் எச்சில் இருக்கு, எண்ணெய் இருக்கு, அதனால ஸ்பிங்க்ஸ் வீட்லயும் தும்மலாம்.

சைபீரியன், பாலினீஸ் எல்லாம் அலர்ஜிக்கு ஏத்ததுன்னு விக்கறவங்க சொல்வாங்க. சில பூனைங்க கம்மியா சுரக்கறது உண்மை தான், ஆனா அது பூனைக்குப் பூனை மாறுது, ஒரே ஈத்துல பொறந்த ரெண்டு குட்டி கூட வித்தியாசப்படலாம், இனத்தோட பேர வச்சு கேரண்டி குடுக்க முடியாது. இனத்த விட நிச்சயமா சொல்லக்கூடியது ஒண்ணு: கருத்தடை பண்ணாத ஆண் பூனை அதிகமா சுரக்கும், பண்ணிட்டா குறையும், பெண் பூனைக்கும் கம்மி. உங்களுக்கு என் யோசனை, எந்தப் பூனைய எடுக்கப் போறீங்களோ அதே பூனை கூட அவர ஒரு மணி நேரம், ரெண்டு மூணு தடவ, வேற வேற நாள்ல உக்கார வைங்க. மூச்சுத் திணறல் மாதிரி இருந்துச்சுன்னா விளையாடாதீங்க, முதல்ல அலர்ஜி டாக்டர்.

கருப்பு_சட்டை

அண்ணா இத யாருமே சொன்னதில்ல. ரெண்டு மாங்காவும் வேற வேற மரத்துலயா. சரி, தும்மல நீங்க சொன்ன மாதிரி தனியா டெஸ்ட் பண்றேன். முடி விஷயத்துக்கு மட்டும் வர்றேன், அடிப்பஞ்சு இல்லாம நீள முடி இருக்கற பூனைன்னு ஒண்ணு இருக்கா இல்ல நான் கனவு காண்றேனா

கோணல்_வால்

இருக்கே. டர்கிஷ் அங்கோரா, டர்கிஷ் வேன், பர்மன் (பர்மீஸ் இல்ல, அது வேற, அது குட்டை முடி, நெறைய பேர் குழப்பிக்கறாங்க), பாலினீஸ். அங்கோரா முடி பட்டு மாதிரி, பஞ்சு கிடையாது, அதனால சிக்கு அபூர்வம். வேன் பூனைக்கும் அப்படித்தான், நனைஞ்சா சீக்கிரம் காஞ்சிடும், தண்ணிய கண்டா ஓடாத இனம்னு அதுக்குப் பேரே உண்டு. பாலினீஸ்ங்கறது நீள முடி சியாமீஸ் தான். பர்மன் பாக்கறதுக்கு பெர்சியன் சாயல்ல இருக்கும், நீலக் கண்ணு, நாலு காலுக்கும் வெள்ளை சாக்ஸ், அடிப்பஞ்சு ரொம்ப கம்மிங்கறதால வாரத்துக்கு ரெண்டு தடவ சீவினாலே சமாளிச்சிடலாம். ராக்டாலும் இந்தப் பக்கம் தான் வரும், ஆனா கழுத்து, தொடைப்பக்கம் கவனிக்கணும்.

அந்தப் பக்கம் நார்வேஜியன், சைபீரியன், மெயின் கூன் எல்லாம் குளிர் நாட்டு ஆளுங்க. இவங்களுக்கு குளிர்காலத்துக்கு தனியா உள் ஸ்வெட்டர் முளைக்கும், குளிர் போனதும் மொத்தத்தையும் கழட்டிப் போடுவாங்க. என் நார்வேஜியன் அந்த சீசன் முடிஞ்சு பாத்தா ஏதோ குட்டை முடிப் பூனைக்கு யாரோ நரி வால ஒட்ட வச்ச மாதிரி இருப்பான், வால் மட்டும் புசுபுசுன்னு அப்படியே நிக்கும். கொட்டற அந்த சில வாரம் வீடு வீடா இருக்காது, மத்த நாள் தொந்தரவு அவ்வளவா இல்ல. வருஷம் பூரா கொஞ்சம் கொஞ்சமா வேணுமா இல்ல ஒரே அடியா வேணுமாங்கறது உங்க இஷ்டம்.

குட்டை முடியில சியாமீஸ், ஓரியன்டல், பர்மீஸ், கொராட் எல்லாம் உடம்போட ஒட்டின ஒத்தை அடுக்கு, கம்மி. ரஷ்யன் ப்ளூ ரெண்டு அடுக்கும் சம நீளத்துல நெருக்கமா இருக்கும் ஆனா ஆச்சரியமா அவ்ளோ கொட்டாது.

பஞ்சுமூட்டை

சியாமீஸ் கம்மின்னு சொல்லாதீங்க, என் ஃப்ரெண்டு வீட்டு சியாமீஸ் தூக்கினா சட்டையெல்லாம் முடி

மூணுபூனை_அக்கா

@பஞ்சுமூட்டை அது கொட்டுற காலமா இருக்கலாம், இல்ல சாப்பாட்டுல குறை இருக்கலாம், இல்ல பயந்த பூனையா இருக்கலாம். பூனை பதட்டமானா அந்த நிமிஷமே முடி உதிரும், வெட் (பூனை டாக்டர்) டேபிள் மேல நிக்க வச்சுப் பாருங்க, என் சியாமீஸும் அங்க பெர்சியனுக்கு சவால் விடும். வீட்ல கைய ஈரமாக்கி முதுகுல ரெண்டு தடவ தடவினா அன்னிக்கு வேல முடிஞ்சது.

கோணல்_வால்

இன்னொண்ணு, சீசன்னு சொன்னேன்ல, அத பூனைக்கு சொல்றது வெயில் குளிரவிட முக்கியமா வெளிச்சம் தான். பகல் நீளமாகுது, சுருங்குதுங்கறத வச்சுத்தான் உடம்பு முடிய மாத்துது. வீட்டுக்குள்ளயே இருக்கற பூனைக்கு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் லைட்டு எரியுது, அதுக்கு எப்ப கோடை எப்ப குளிர்னு கணக்கு கிடைக்கறதில்ல, அதான் வருஷம் முழுக்க விடாம கொஞ்சம் கொஞ்சமா கொட்டிட்டே இருக்கும். பகல் நீளம் பெருசா மாறாத ஊர்லயும் இதே நிலைமை தான்.

டிரிம்மர்_தம்பி

நான் ஈஸி வழி சொல்றேன். கோடை வந்தா மொத்தமா டிரிம் அடிச்சிட வேண்டியது தானே. பூனைக்கும் காத்தோட்டம், நமக்கும் நிம்மதி. எங்க ஹிமாலயன் பூனைக்கு (சியாமீஸ் நிறத்துல இருக்கற பெர்சியன்) ரெண்டு வருஷமா அப்படித்தான். ஒரே டவுட்டு, போன தடவ வெட்டுன அப்புறம் முதுகுல முடி கருப்பா முளைக்குது, முன்ன கிரீம் கலர்ல இருந்துச்சு, இது ஏதாவது நோயா?

நுண்ணோக்கி

நோயில்ல தம்பி, நீங்க பண்ணது தான். ஹிமாலயன், சியாமீஸ், பர்மன், ராக்டால் இதுக்கெல்லாம் நிறத்த உண்டாக்குற என்சைம் சூட்டுல வேல செய்யாது, குளிர்ச்சியான எடத்துல மட்டும் தான் வேல செய்யும். அதனால தான் சூடான நடு உடம்பு வெளுப்பா, குளிர்ச்சியான காது, மூக்கு, பாதம், வால் எல்லாம் கருப்பா இருக்கு. முதுக மழிச்சா போர்வை போச்சு, தோல் குளிர்ந்துச்சு, அங்க முளைக்கற முடி கருப்பா வருது. அடுத்த தடவ முடி மாறும்போது பழைய நிறம் திரும்பிடும்.

முடி வெளிச்சூட்டுலருந்தும் காக்குது, வெயில்லருந்தும் காக்குது. சடை தகடாகி வேற வழியில்லன்னா, இல்ல வயசான பூனை தன்னால சுத்தம் பண்ணிக்க முடியலன்னா வெட்டலாம், அதுவும் பழகின கையால. அழகுக்கும் சோம்பலுக்கும் வேணாம்.

டிரிம்மர்_தம்பி

அட. நான் ரெண்டு மாசமா அந்த கருப்ப ஷாம்பு போட்டு தேய்ச்சிட்டு இருந்தேன் 🙈

பஞ்சுமூட்டை

😂😂 பாவம் அந்த ஹிமாலயன்

மூணுபூனை_அக்கா

ஷாம்பு பேச்சு வந்ததால ஒண்ணு. சிக்கு இருக்கற பூனைய அப்படியே குளிப்பாட்டாதீங்க, ஈரம் பட்டு காஞ்சா சிக்கு இறுகி கல்லாகிடும். முதல்ல சீவி எடுத்துட்டு அப்புறம் தண்ணி.

சீப்புன்னா எனக்கு மெட்டல் சீப்பு தான், ஒரு பக்கம் பல் அகலம், ஒரு பக்கம் நெருக்கம். கடையில மினுக்கற ஸ்லிக்கர் பிரஷ் மேலாக்க மட்டும் அழகா காட்டும், அடியில சிக்கு அப்படியே இருக்கும், நானே முதல் வருஷம் தினம் பிரஷ் போட்டு பளபளன்னு வச்சிருந்தேன், ஒரு நாள் தூக்கும்போது முன்னங்கால் இடுக்குல கைய விட்டா உள்ள நெல்லிக்கா சைஸ்ல சடை. பதறிப் போய் கத்திரிக்கோல எடுத்தேன். இதப் படிக்கற யாரும் அந்தத் தப்ப பண்ணிடாதீங்க. பூனைத் தோல் காகிதம் மாதிரி மெலிசு, சடைய இழுத்தா தோலும் கூடாரம் மாதிரி எழும்பி வரும், எது முடி எது தோல்னு தெரியாது. வெட்டிட்டேன். தையல் போட வேண்டியதா போச்சு, அது என்னப் பாத்த பார்வை இன்னும் மறக்கல. விரலால பிச்சுப் பிச்சு லூஸாக்கி, அடியில தோல விரலால பிடிச்சுக்கிட்டு, நுனியிலருந்து கொஞ்சம் கொஞ்சமா சீவணும், வரலன்னா குரூமர் இல்ல வெட் கிட்ட கிளிப்பர்ல எடுக்கலாம்.

காதுக்குப் பின்னாடி, கால் இடுக்கு, வயிறு, தொடைப் பின்பக்கம், இந்த நாலு எடத்த தினம் கைய விட்டுப் பாத்தா போதும், பாதி வேல முடிஞ்சது.

கோணல்_வால்

டீஷெட்டிங் பிளேடு (உதிர்ற அடிப்பஞ்ச வாரி எடுக்கற பல்லு வச்ச கருவி) பத்தி என்ன நினைக்கறீங்க? எனக்கு அது தான் தெய்வம், ஒரு தடவ இழுத்தா ஒரு குட்டிப் பூனையே வருது

மூணுபூனை_அக்கா

வாரம் ஒண்ணு, லேசான கை, அதுவும் நல்ல அடிப்பஞ்சு இருக்கறவங்களுக்கு மட்டும். முடி வர வர நமக்கு ஒரு வெறி வந்துடும், இன்னும் இன்னும்னு இழுப்போம், அது உதிர்ந்த முடியோட நல்லா நிக்கற மேல் முடியையும் உடைச்சிடும். பட்டு மாதிரி ஒத்தை அடுக்கு பூனைக்கு அத கொண்டு போகவே கூடாது.

புதுசா_வந்தவ

நடுவுல பூந்ததுக்கு சாரி, என் பெர்சியன் குட்டிக்கு நெத்தியில ரூபா காசு மாதிரி வட்டமா முடி போயிருக்கு, இது இந்த கொட்டுறது தானா? சீவுறத நிறுத்தணுமா? என் கையில கூட ஒரு சிவப்பு வட்டம் அரிக்குது

நுண்ணோக்கி

இது சீசன் இல்ல, இன்னிக்கே வெட் கிட்ட போங்க. வட்டமா சொட்டை, உங்க கையிலயும் வட்டம்னா ரிங்வார்ம்னு சந்தேகப்படணும், பேர்ல வார்ம் இருந்தாலும் புழு இல்ல, பூஞ்சை. பூனையில பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ்ங்கற வகை. மனுஷனுக்கு ஒட்டும், குழந்தைங்களுக்கு சுலபமா. பெர்சியன்ல இது அதிகம் பாக்கறோம், வெளிய ஒண்ணுமே தெரியாம சுமந்துட்டு திரியற பூனையும் உண்டு. வெட் ஊதா லைட்டு அடிச்சுப் பாப்பாரு, பச்சையா மின்னலன்னாலும் இல்லன்னு முடிவு பண்ண முடியாது, முடி எடுத்து கல்ச்சர் (லேப்ல பூஞ்சை வளருதான்னு பாக்கற டெஸ்ட்) வைக்க வேண்டியிருக்கும். அதுவரைக்கும் ஒரே ரூம்ல வைங்க, அந்த சீப்ப வேற பூனைக்கு போடாதீங்க, வீட்ட வாக்யூம் போடுங்க, உதிர்ந்த முடியில அந்த வித்து மாசக்கணக்குல உசுரோட இருக்கும். உங்க கைய நீங்க தனியா தோல் டாக்டர் கிட்ட காட்டுங்க.

மத்தவங்களுக்கும் சேத்து சொல்றேன், சாதாரணமா கொட்டறப்ப முடி மெலியும், தோல் தெரியாது. தோல் தெரிஞ்சா, செதில் இருந்தா, அரிப்பு இருந்தா அது வேற கதை. வால் அடியில முடி போனா முதல்ல உண்ணி, தெள்ளுப்பூச்சி பாருங்க. வயித்துலயும் உள் தொடையிலயும் மழிச்ச மாதிரி இருந்தா விரலால எதிர்த் திசையில தடவிப் பாருங்க, சொரசொரன்னு குத்துச்சுன்னா முடி விழல, பூனையே நக்கி உடைச்சிருக்கு, அரிப்பா மனக்கஷ்டமான்னு கண்டுபிடிக்கணும்.

புதுசா_வந்தவ

கிளம்பிட்டேன். நன்றி 🙏

நள்ளிரவு_நகம்

ஹேர்பால் பத்தி யாருமே பேசலயே. எங்க பழைய மெயின் கூன் ராத்திரி ரெண்டு மணிக்கு "ஹக் ஹக்"னு ஆரம்பிச்சா வீடே எழுந்து ஓடும், எப்பவும் கார்பெட்ட தேடிப் போய் தான் கக்குவாரு.

மூணுபூனை_அக்கா

பூனை நாக்குல பின்னால வளைஞ்ச முள்ளு இருக்கு, வாய்க்குள்ள போன முடிய துப்பத் தெரியாது, முழுங்கத்தான் முடியும். பெரும்பாலும் பின்வழியா போய்டும். எப்பவாவது ஒரு உருண்டை கக்கறது சரி. ஆனா அடிக்கடி கக்கினா, இல்ல ஒண்ணுமே வராம ஹக் ஹக்னு இருந்து சாப்பிடாம மூலையில உக்காந்தா, மலம் போகலன்னா, அது குடல்ல அடைப்பா இருக்கலாம், காத்திருக்க வேணாம். மத்தபடி நம்ம சீப்புல வர்ற ஒவ்வொரு முடியும் அது வயித்துக்குப் போகாத முடி, அவ்ளோதான் கணக்கு.

கருப்பு_சட்டை

அப்டேட்! ரொம்ப நாள் ஆச்சு, மன்னிச்சுக்கோங்க. நுண்ணோக்கி அண்ணா சொன்ன மாதிரி வீட்டுக்காரர கூட்டிட்டு பூனை வீடா சுத்துனேன், பொண்ணு பாக்கப் போன கணக்கா. பிரிட்டிஷ் வீட்ல இருபது நிமிஷத்துல கண்ணு சிவந்து வெளிய வந்துட்டாரு. ரெண்டாவது ஒரு பர்மன், அஞ்சு வயசு பொண்ணு, குட்டி போட்டது போதும்னு கருத்தடை பண்ணி நல்ல வீடு தேடிட்டு இருந்தாங்க. மூணு தடவ போனோம். முதல் தடவ நாலஞ்சு தும்மல், அடுத்த ரெண்டு தடவ மூக்க மட்டும் உறிஞ்சிட்டு இருந்தாரு. அலர்ஜி டாக்டர்கிட்டயும் காட்டியாச்சு, மருந்து குடுத்திருக்காங்க, பெட்ரூமுக்குள்ள மட்டும் பூனைய விடாதீங்கன்னு சொல்லியிருக்காங்க. அவரே "சரி கூட்டிட்டு வா"ன்னுட்டாரு. வந்து மூணு வாரம் ஆச்சு.

கொட்டுது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா அக்கா சொன்ன பிரிட்டிஷ் கதைய நெனச்சா இது ஒண்ணுமில்ல, கையால வழிச்சு எடுத்துடலாம். என் பிரச்சனை வேற, சீப்ப கையில எடுத்த உடனே மகாராணி சோபாவுக்கு அடியில போய்டறாங்க. அஞ்சு வயசு வரைக்கும் யாரோ சீவியிருப்பாங்க தானே?

மூணுபூனை_அக்கா

அது வேற கை, இது வேற கை. சீப்ப மறைச்சு எடுத்துட்டுப் போய் பிடிக்காதீங்க, தரையில அது தூங்கற எடத்துக்குப் பக்கத்துலயே ரெண்டு நாள் சும்மா கிடக்கட்டும், அதுவே வந்து கன்னத்த உரசும். முதல் வாரம் கன்னம், தாடை, அவ்ளோதான், ரெண்டு நிமிஷம், அது போதும்னு நினைக்கறதுக்கு முன்னாடி நீங்க நிறுத்திடணும். அப்புறம் முதுகு. வயிறு கடைசி, அதுவும் அதுவா காட்டினா.

கருப்பு_சட்டை

இன்னிக்கு கன்னம் ஆச்சு அக்கா, கண்ண மூடிட்டு நின்னா!! இன்னொரு சின்ன சந்தேகம், பர்மன் முடி வெள்ளையா கிரீமா இருக்கே, என்கிட்ட இருக்கறது எல்லாம் கருப்பு டிரஸ்

பஞ்சுமூட்டை

யூசர்நேம் மாத்தற பட்டன் செட்டிங்ஸ்ல ரெண்டாவது